இசட்/விஎம் பேஜிங் டிஸ்க்: பாதி காலியாகக் கிடப்பது வீண் இல்லை — நீலகிரியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டுக் குறிப்பு

"பேஜ் வால்யூம் எல்லாம் 35 சதவீதம்தான் நிரம்பியிருக்கு. மீதியை எதுக்குச் சும்மா போட்டு வெச்சிருக்கீங்க?" இசட்/விஎம் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பல வர்ச்சுவல் இயந்திரங்களை ஓட்டும் சிஸ்டம்) நிர்வாகம் பார்க்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. ஸ்டோரேஜ் செலவுக் கணக்கு பார்ப்பவர் அப்படித்தான் கேட்பார். டேட்டா டிஸ்க்குக்கு அது நியாயமான கேள்வி. மெமரியில் இடமில்லாத பேஜ்களை (மெமரியின் சிறு துண்டுகளை) எழுதி வைக்கும் பேஜிங் டிஸ்க்குக்குப் பொருந்தாது.

இங்கே எழுதுவது 6.2 வெளியீட்டிலிருந்து 7.3 வரை, லினக்ஸ் கெஸ்ட்கள் (இசட்/விஎம் மேல் ஓடும் வர்ச்சுவல் சர்வர்கள்) நிறைந்த சிஸ்டங்களை குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்து தொலைவில் பராமரிப்பவர்களின் பார்வை. இயந்திரம் சமவெளியில், டேட்டா சென்டரில் இருக்கிறது. மலையில் இருப்பது கீபோர்டும் விபிஎன் லைனும் மட்டும். இந்த ஏற்பாட்டில் பேஜிங் டிஸ்க்கின் காலி இடத்துக்கு இரண்டு வேலை: ஒன்று வேகம், இன்னொன்று அவகாசம். முதலாவதை மேனுவல் சொல்லும். இரண்டாவதை நம்ம ஊர் மழை சொல்லிக் கொடுக்கும்.

நிரம்பினால் என்ன ஆகும்

பேஜ் ஸ்பேஸ் தீர்ந்தால் சிஸ்டம் உடனே விழாது. அதுதான் பலரை ஏமாற்றுகிறது. இசட்/விஎம்மின் மையப் பகுதியான சிபி சத்தமில்லாமல் ஸ்பூல் வால்யூம்களில் பேஜ்களை எழுதத் தொடங்கும். ஆபரேட்டர் கன்சோலில் எச்சரிக்கை வரும், ஆனால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். ஸ்பூல் ஏற்கெனவே கன்சோல் லாக், ரீடர் ஃபைல் என்று பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும். அதில் பேஜிங் போய் விழுந்தால் எல்லாக் கெஸ்ட்டும் ஒரே நேரத்தில் மந்தமாகும். "டேட்டாபேஸ் ஸ்லோ", "நெட்வொர்க் ஸ்லோ" என்று ஆளுக்கொரு டிக்கெட் போடுவார்கள். பேஜிங்கை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஸ்பூலும் தீர்ந்ததும் பிஜிடி004 அபெண்ட். சிபியே விழுகிறது, மேலே ஓடிய அத்தனை கெஸ்ட்டும் கூடவே போகும். ஒரு லினக்ஸ் சர்வரில் ஸ்வாப் தீர்ந்தால் அந்த ஒரு சர்வரில் ஏதோ ஒரு புராசஸ் சாகும். இங்கே எல்பாரே (மெயின்ஃப்ரேமின் ஒரு முழுப் பிரிவே) சாகிறது. இந்த வித்தியாசத்தைப் புது ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

50 சதவீதம் என்ற எல்லை

சிபி பேஜ்களை ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. சேர்த்து ஒரு பிளாக்காக, ஒரே ஐ/ஓ-வில் எழுதும். திரும்பப் படிக்கும்போதும் பிளாக்காகவே படிக்கும். அதற்கு டிஸ்க்கில் அடுத்தடுத்துக் காலி இடம் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ்ஸில் எட்டுப் பேர் குடும்பமாக ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: பஸ் பாதி காலி என்றால் சேர்ந்து உட்காரலாம், நாலைந்து சீட்தான் மிச்சம் என்றால் ஆளுக்கொரு மூலை. மொத்தத்தில் இடம் இருக்கிறதா என்பதைவிட, சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 50 சதவீதத்தைத் தாண்டத் தாண்ட சேர்ந்தாற்போல் கிடைக்கும் இடம் குறைந்துகொண்டே வரும். அதே அளவு பேஜிங்குக்கு அதிக ஐ/ஓ தேவைப்படும்.

இதைக் கண்ணால் பார்க்க பெர்ஃபார்மன்ஸ் டூல்கிட்டில் எஃப்சிஎக்ஸ்109 திரை போதும். ஒவ்வொரு சிபி ஓன்டு (சிபி தன் வேலைக்கு வைத்திருக்கும்) வால்யூமுக்கும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஒரு பேஜுக்கு எத்தனை மில்லி செகண்ட், பிளாக்கின் சராசரி அளவு எத்தனை பேஜ் என்று எல்லாம் அதில் இருக்கும். பிளாக் அளவு 10-க்கு மேல் நின்றால் நிம்மதி. ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால், நிரம்பிய சதவீதம் என்ன காட்டினாலும் இடம் போதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இனி அவகாசம். ஒரு உதாரணக் கணக்கு: மொத்தம் 720 ஜிபி பேஜ் ஸ்பேஸ். ஏதோ ஒரு கெஸ்ட் கூட்டம் கட்டுப்பாடு இழந்து நொடிக்கு 5,000 புதுப் பேஜ்களை வெளியே தள்ளுகிறது. ஒரு பேஜ் 4 கேபி. ஆக நொடிக்கு சுமார் 19.5 எம்பி, மணிக்கு சுமார் 69 ஜிபி. 40 சதவீதத்தில் இது தொடங்கினால் கையில் 432 ஜிபி, ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 80 சதவீதத்தில் தொடங்கினால் 144 ஜிபி. இரண்டே மணி நேரம். பழைய இடத்திலேயே திரும்ப எழுதப்படும் பேஜ்களும் இருப்பதால் நிஜத்தில் இதைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆனால் திட்டம் போட மோசமான கணக்குதான் உதவும்.

நகரத்து அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் தாராளம். இங்கே அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால், கோத்தகிரி வழி சுற்ற வேண்டும். அந்த வழியிலும் மரம் விழுந்தால் அன்றைக்கு ஆள் இறங்க முடியாது. கம்பத்தில் போகும் ஃபைபர் அறுந்தால் சரி செய்ய ஆள் ஏற வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் செல் டவரின் பேட்டரியும் ஓய்ந்துபோகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் கொட்டியது போன்ற மழைக்கு எந்த ரிமோட் சப்போர்ட் ஒப்பந்தமும் தாங்காது. ஆகவே நாங்கள் கேட்பது "பேஜ் ஸ்பேஸ் போதுமா?" என்று அல்ல. "லைன் இல்லாத ஆறு மணி நேரத்தை அது தாங்குமா?" என்று.

எவ்வளவு வேண்டும்: நாங்கள் போடும் கணக்கு

6.2 வரை பலர் போட்ட கணக்கு: கெஸ்ட்களின் மொத்த வர்ச்சுவல் மெமரியிலிருந்து ரியல் மெமரியைக் கழித்து, மிச்சத்தை இரட்டிப்பாக்குவது. 6.3-க்குப் பிறகு அந்தக் கழித்தலை நம்புவதில்லை, காரணம் பின்னால்.

இப்போது செய்வது: லாகான் ஆகக்கூடிய எல்லாக் கெஸ்ட்டின் மெமரி, விடிஸ்க்குகளின் (மெமரியிலேயே உருவாகும் வர்ச்சுவல் டிஸ்க்) முழு அளவு, டேட்டா ஸ்பேஸ், பகிர்ந்த மெமரிப் பகுதிகளான டிசிஎஸ்எஸ், என்எஸ்எஸ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 1.01-ஆல் பெருக்குங்கள். இந்த ஒரு சதவீதம் பேஜ் டேபிள் சமாச்சாரத்துக்கு: கெஸ்ட் மெமரியின் ஒவ்வொரு எம்பிக்கும் சிபி 8 கேபி பிஜிஎம்பிகே வைத்திருக்கிறது, அதுவும் பேஜ் அவுட் ஆகும். பிறகு வளர்ச்சிக்கும் கணிப்புப் பிழைக்கும் சேர்த்து 1.25-ஆல் பெருக்குங்கள்.

256 ஜிபி ரியல் மெமரி, கெஸ்ட்கள் 480 ஜிபி, விடிஸ்க் 24 ஜிபி, மற்றவை 1 ஜிபி என்றால்: 505 × 1.01 = 510. அதை 1.25-ஆல் பெருக்கினால் சுமார் 638 ஜிபி.

3390 வகை மெயின்ஃப்ரேம் டிஸ்க்கில் ஒரு சிலிண்டருக்கு 180 பேஜ். 10,017 சிலிண்டர் உள்ள மாடல் 9-இல், சிலிண்டர் 0 போக, 18,02,880 பேஜ், 6.88 ஜிபி. 32,760 சிலிண்டர் உள்ள மாடல் 27-இல் 58,96,620 பேஜ், 22.49 ஜிபி. மேலே சொன்ன 638 ஜிபிக்கு மாடல் 9 என்றால் 93 வால்யூம், மாடல் 27 என்றால் 29. நாங்கள் 32 என்று முழுதாக்கி, நான்கு எல்சியூ-க்களில் (ஸ்டோரேஜ் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பிரிவுகள்) எட்டெட்டாகப் பரப்புவோம். அப்படி வந்ததுதான் முன்பு சொன்ன 720 ஜிபி.

சின்ன வால்யூம் பலவா, பெரிய வால்யூம் சிலவா? ஹைப்பர்பிஏவி (ஒரே டிஸ்க்குக்குப் பல ஏலியஸ் முகவரி தரும் வசதி) இல்லாமல் ஒரு 3390 மேல் ஒரு நேரத்தில் ஒரு ஐ/ஓ-தான் ஓடும். அந்த நிலையில் வால்யூம் எண்ணிக்கைதான் வேகம், அதனால் சின்னது பல. ஆனால் சிபி ஓன்டு பட்டியலில் மொத்தமே 255 ஸ்லாட், ஸ்பூலும் அதற்குள்தான். 6.4-இல் பேஜிங்குக்கு ஹைப்பர்பிஏவி வந்ததும் இந்த நெருக்கடி தளர்ந்தது. ஏலியஸ்களை சிஸ்டத்துக்கு அட்டாச் செய்து "செட் பேஜிங் ஏலியஸ் ஆன்" கொடுத்தால் ஒரே வால்யூம் மேல் பல ஐ/ஓ ஓடும். கன்ட்ரோல் யூனிட் ஆதரித்தால் ஐ/ஓ-வை வேகமாக்கும் "செட் பேஜிங் ஹெச்பிஎஃப் ஆன்" சேர்த்துக்கொள்ளலாம். இத்தனை வெளியீடுகளில் பேஜிங்குக்கு உருப்படியாக வந்த முன்னேற்றம் என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். அதே ஏலியஸ்களுக்கு மினிடிஸ்க் (கெஸ்ட்களுக்கு வெட்டிக் கொடுக்கும் டிஸ்க் பகுதி) ஐ/ஓ-வும் போட்டி போடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எல்லா பேஜ் வால்யூமும் ஒரே அளவு, ஒரே வேகம். இதில் சமரசமே வேண்டாம். சிபி வால்யூம்களுக்கிடையே வேலையைப் பரப்பப் பார்க்கும். இருபது மாடல் 9-உடன் இரண்டு மாடல் 54 கலந்து வைத்தால், சின்னவை நிரம்பிய பிறகு மொத்தச் சுமையும் அந்த இரண்டின் தலையில் விழும். மொத்தச் சதவீதம் இன்னும் இடம் இருப்பதாகவே காட்டும்; சிஸ்டமோ தவழும். அதேபோல் பேஜ் வால்யூமில் பேஜ் மட்டும்தான். "மிச்ச சிலிண்டர் வீணாகிறதே" என்று தற்காலிக டிடிஸ்க்கோ மினிடிஸ்க்கோ அதில் வெட்டினால், பேஜிங் எழுத வரும் நேரத்தில் டிஸ்க்கின் தலை வேறொருவர் வேலையில் இருக்கும்.

வால்யூம் தயாரிப்பு

ஆபத்து அதிகம் இங்கேதான். கட்டளைகள் ஐந்தாறுதான், ஆனால் ஒரு எண் மாறினால் அடுத்தவன் டேட்டா போய்விடும்.

முதலில் "க்யூரி 6280" (6280 என்பது டிஸ்க்கின் முகவரி). ஃப்ரீ என்று வர வேண்டும். சிஸ்டம் என்றோ, ஒரு கெஸ்ட்டின் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஃப்ரீ என்று வந்தாலும் போதாது. இந்த எல்பாரில் ஃப்ரீயாக இருப்பது பக்கத்து எல்பாரில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்டோரேஜ் ஆட்கள் கொடுத்த பட்டியலோடு ஒத்துப் பாருங்கள், பக்கத்து எல்பாரிலும் க்யூரி போடுங்கள். பிறகு "அட்டாச் 6280 *".

"ஸ்பூல் கன்சோல் ஸ்டார்ட்" கொடுத்துவிட்டு ஃபார்மட் கருவியான சிபிஎஃப்எம்டிஎக்ஸ்ஏ-வை ஓட்டுங்கள். ஃபார்மட் எல்லை 0 முதல் எண்ட் வரை. இதில் ஒரு பழக்கதோஷம் இருக்கிறது: மினிடிஸ்க் வால்யூமுக்கு சிலிண்டர் 0-ஐ மட்டும் ஃபார்மட் செய்தால் போதும் என்பதால் கை தானாக "0-0" அடிக்கும். பேஜ் வால்யூமில் அப்படிச் செய்தால் அல்லொகேஷன் சரியாகவே விழும், வால்யூமும் ஆன்லைன் வரும், க்யூரியில் காலி இடமும் காட்டும். முதல் பேஜ் எழுதப் போகும்போதுதான் ஐ/ஓ பிழை வரும். பேஜ், ஸ்பூல் இரண்டுக்கும் முழு ஃபார்மட் கட்டாயம். பிறகு அல்லொகேஷன்: "பெர்ம் 0-0", "பேஜ் 1-எண்ட்", கடைசியில் "எண்ட்".

பெரிய வால்யூமை முழுதாக ஃபார்மட் செய்ய நேரம் பிடிக்கும். மலையில் இருந்துகொண்டு செய்பவருக்கு இதில் இரண்டு பொறி. ஒன்று, திரை நிரம்பி மூலையில் "மோர்" என்று வந்தால் யாராவது கிளியர் அழுத்தும் வரை, அல்லது நேரம் முடியும் வரை, வெளியீடு நிற்கும். "ஹோல்டிங்" ஆகிவிட்டால் கை வைக்காமல் நகராது. "டெர்மினல் மோர் 0 0" கொடுத்துவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு, லைன் அறுந்தால் உங்கள் ஐடி டிஸ்கனெக்ட் ஆகும். ஃபார்மட் அது பாட்டுக்கு ஓடும், கவலை வேண்டாம். ஆனால் "தொடரலாமா?" போன்ற கேள்வியில் அது காத்து நின்றால், சிஸ்டம் கான்ஃபிக்கில் உள்ள டிஸ்கனெக்ட் டைம்அவுட் முடிந்ததும் லாகாஃப். இயல்புநிலை 15 நிமிடம். லைன் திரும்பி வந்ததும் பழைய செஷன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் லாகான் கட்டளையோடு "ஹியர்" சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளலாம். திரும்ப நுழையும்போது சிபி ரீடில் போய் நின்று ஓட்டம் தடைபடாமல் இருக்க, புரொஃபைலில் "செட் ரன் ஆன்" எப்போதும் இருக்கட்டும்.

ஃபார்மட் முடிந்ததும் "டிடாச் 6280", "டிஃபைன் சிபிஓன்ட் ஸ்லாட் 240 பிஜி0217", "அட்டாச் 6280 சிஸ்டம் பிஜி0217". அதன் மேல் ஸ்டார்ட் கட்டளையையும் பேஜுக்காகக் கொடுத்து, "க்யூரி அல்லாக் பேஜ்" போட்டு வால்யூம் பட்டியலில் வந்ததா என்று பார்ப்பது எங்கள் வழக்கம்.

கடைசி வேலை பலருக்கு விட்டுப்போகும்: இதெல்லாம் மெமரியில்தான் இருக்கிறது. பிமெயின்ட் சிஎஃப்0 டிஸ்க்கில் உள்ள சிஸ்டம் கான்ஃபிக்கில் அந்த ஸ்லாட் வரியைச் சேர்க்காவிட்டால் அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மறுபடி தொடங்கும்போது) வால்யூம் காணாமல் போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஐபிஎல் முடிந்த புதிதில் பேஜிங்கே இருக்காதே. சில வாரம் கழித்து சதவீதம் ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். திருத்தியதும் எழுத்துப் பிழை சரிபார்க்கும் சிபிசின்டாக்ஸ் ஓட்டாமல் மூடாதீர்கள். ஸ்லாட் எண்களில் ஸ்பூலுக்கு முன்பக்கம், பேஜுக்கு 255-லிருந்து பின்னோக்கி என்று வைத்தால் இரண்டும் வளர இடம் இருக்கும்.

6.3 மாற்றிய கணக்கு

6.2 வரை 256 ஜிபி மெமரிதான் எல்லை, 6.3 அதை 1 டிபி ஆக்கியது. அதற்காக மெமரி நிர்வாகமே மாற்றி எழுதப்பட்டது. எக்ஸ்பாண்டட் ஸ்டோரேஜை பேஜிங்குக்கு முன்வரிசையாக வைக்கும் பழைய முறை தேவையற்றுப் போனது, 6.4-இல் அதன் ஆதரவே நீங்கியது.

மேம்படுத்திய உடனே எல்லோரும் திடுக்கிடுவது ஒன்றுக்குத்தான்: வேலை அதேதான், பேஜ் ஸ்பேஸ் சதவீதம் மட்டும் கூடியிருக்கும். காரணம் ஏஜ்லிஸ்ட். நெடுநேரம் தொடப்படாத பேஜ்கள் இந்தப் பட்டியலில் கீழே இறங்கும்போதே, இடம் தேவைப்படுவதற்கு முன்னாலேயே, சிபி அவற்றை டிஸ்க்கில் எழுதி வைக்கிறது, இது எர்லிரைட்ஸ். கெஸ்ட் அந்தப் பேஜைத் திரும்பத் தொட்டாலும் டிஸ்க்கில் அதற்கு ஒதுக்கிய இடத்தை விட்டுவிடுவதில்லை, இது கீப்ஸ்லாட். இயல்புநிலையில் இரண்டும் ஆனில் இருக்கும். ஏஜ்லிஸ்ட் அளவு மெமரியில் 2 சதவீதம். ஆக ஒரே பேஜ் மெமரியிலும் டிஸ்க்கிலும் ஒருசேர இருக்கலாம். ரியல் மெமரியைக் கழிக்கும் பழைய கணக்கு அடிபடுவது இதனால்தான்.

டிஸ்க் போதாத சின்ன சிஸ்டங்களில் "செட் ஏஜ்லிஸ்ட் கீப்ஸ்லாட் நோ" பார்க்கத் தகுந்தது. மாறாத பேஜைக்கூட மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் அதற்கு விலை. டிஸ்க் வாங்க முடிகிறவர்கள் இயல்புநிலையிலேயே விடுவது நல்லது.

யார் தின்கிறார்கள்

பேஜ் ஸ்பேஸ் திடீரென ஏறினால் முதல் சந்தேகம் லினக்ஸ் கெஸ்ட்களின் பேஜ் கேஷ் மேல். லினக்ஸுக்கு 32 ஜிபி கொடுத்தால் அது தன் வேலைக்கு 10 ஜிபி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஃபைல் கேஷாக நிரப்பும். சாதாரண நாளில் அது மெல்ல நடக்கும். ஞாயிறு இரவு ஃபுல் பேக்கப் ஓடினால் எல்லாக் கெஸ்ட்டும் தன் ஃபைல் சிஸ்டம் முழுவதையும் படிக்கும். அதாவது தனக்குக் கொடுத்த மெமரியின் ஒவ்வொரு மூலையையும் தொடும். ஒரே குளோனிலிருந்து எடுத்த கெஸ்ட்களில் கிரான் நேரமும் ஒன்றாகவே இருக்கும்: நாற்பது கெஸ்ட், அதிகாலை 4 மணி, ஒரே நேரத்தில் லாக் சுருட்டல், இன்டெக்ஸ் புதுப்பித்தல். பேக்கப்பையும் கிரானையும் பிரித்துப் போடுவது காசில்லாத வைத்தியம். டிஸ்க் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அதற்கு அடுத்தது கெஸ்ட் அளவு. பழைய ஹார்டுவேரில் 64 ஜிபி இருந்தது என்பதற்காக இங்கேயும் 64 ஜிபி கேட்பார்கள். கெஸ்ட் லேசாக ஸ்வாப் செய்யத் தொடங்கும் வரை அதன் மெமரியைக் குறைத்து, அதற்குச் சற்று மேலே நிறுத்துவதுதான் சரியான அளவு. முதல் ஸ்வாப் விடிஸ்க்கில், அதிக முன்னுரிமையோடு. இரண்டாவது ஸ்வாப் நிஜ டிஸ்க்கில், குறைந்த முன்னுரிமையோடு. விடிஸ்க்கைத் தொடாதவரை அது இடம் பிடிக்காது. ஒரு தடவை எழுதிவிட்டால் அந்தப் பேஜ்கள் டிடாச் ஆகும் வரை சிபியின் கணக்கில் நிற்கும். லினக்ஸ் உள்ளே "ஸ்வாப் காலி" என்று காட்டுவதற்கும் சிபி பக்கம் இடம் விடுபடுவதற்கும் தொடர்பில்லை. எஃப்சிஎக்ஸ்147 திரை விடிஸ்க்குகளைத் தனியாகக் காட்டும். "செட் விடிஸ்க்" மூலம் சிஸ்டத்துக்கும் பயனருக்கும் எல்லை வைக்காத சிஸ்டத்தில் யாரோ ஒருவர் என்றைக்காவது 100 ஜிபி விடிஸ்க் உருவாக்கிவிடுவார்.

டெஸ்ட் கெஸ்ட்கள் பற்றி ஒரே வரி: மாதக்கணக்கில் யாரும் தொடாமல் லாகானிலேயே கிடப்பவைதான் பேஜ் டிஸ்க்கின் நிரந்தரக் குடிவாசிகள்.

கண்காணிப்பு

"க்யூரி அல்லாக் பேஜ்" கொடுத்தால் ஒவ்வொரு வால்யூமுக்கும் மொத்தப் பேஜ், பயன்பாட்டில் உள்ளவை, ஹை பேஜ், சதவீதம். கடைசியில் இரண்டு வரி: சம்மரி, யூசபிள். ட்ரெயின் செய்த (புது ஒதுக்கீட்டை நிறுத்திய) வால்யூம் சம்மரியில் சேரும், யூசபிளில் சேராது. ஸ்கிரிப்ட் சம்மரி வரியைப் படித்துக்கொண்டிருந்தால் எட்டு வால்யூம் ட்ரெயினில் இருக்கும்போதும் "எல்லாம் நலம்" என்றே சொல்லும். யூசபிள் வரியைப் படியுங்கள்.

எங்கள் ஏற்பாடு எளிது. டிஸ்கனெக்டில் ஓடும் ஒரு சர்வீஸ் மெஷின், அதில் ஒரு ரெக்ஸ் எக்ஸெக் (ஸ்கிரிப்ட்), ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சதவீதம் பார்க்கும். 50 தாண்டினால் ஆபரேட்டருக்கு மெசேஜ், 60-இல் போனுக்குச் செய்தி. 70 ஆனால் யாரையும் கேட்காமல், ஏற்கெனவே ஃபார்மட் செய்து காத்திருக்கும் நான்கு உபரி வால்யூம்களை அதுவே சேர்த்துவிடும். டிஃபைன் சிபிஓன்ட், அட்டாச் ஆகியவற்றுக்கு கிளாஸ் பி (கட்டளை அனுமதி வகுப்பு) வேண்டும். அந்த ஐடிக்கு அதன் வேலைக்குத் தேவையானதற்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள். ஆட்டோமேஷன் மலையில் அல்ல, இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். விபிஎன் வழியாக வந்து பார்க்கும் கண்காணிப்பு, லைன் போகும் அதே நிமிடத்தில் குருடாகிவிடும். இங்கே மழை பெய்யும் அன்றைக்குத்தான் அங்கே மாதக் கடைசி வேலையும் ஓடும்.

சதவீதத்தைவிட ஏறும் வேகம் பயனுள்ள எச்சரிக்கை. 45-லேயே மாதக்கணக்கில் நிற்பது பிரச்சினை இல்லை. ஒரு மணி நேரத்தில் 30-லிருந்து 42-க்குப் போவது பிரச்சினை.

90-ஐத் தொட்டால்

வரிசை மாறாமல்: முதலில் உபரி வால்யூம்களைச் சேருங்கள். பழையவை நெருக்கமாக நிரம்பியிருப்பதால் புது வால்யூம் மேல் எழுத்து குவியும், சற்று நேரம் அது சூடாகும். ஒன்றைச் சேர்ப்பதைவிட நான்கைச் சேர்த்துச் சேர்ப்பது இதனால்தான். பிறகு புது லாகான்களை நிறுத்துங்கள். எஃப்சிஎக்ஸ்113 திரையில் டிஸ்க்கில் அதிகம் பேஜ் வைத்திருக்கும் கெஸ்ட்டைக் கண்டுபிடித்து, உற்பத்தி அல்லாதவற்றில் பெரியதை "சிக்னல் ஷட்டவுன்" கொடுத்து, 300 நொடி அவகாசத்தோடு இறக்குங்கள். லாகாஃப் ஆனதும் அதன் பேஜ்கள் மொத்தமாக விடுபடும். ஃபோர்ஸ் (கட்டாய லாகாஃப்) கடைசி ஆயுதம்.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை: லினக்ஸ் உள்ளே போய் ஸ்வாப்ஆஃப் கொடுப்பது (விடிஸ்க்கில் இருப்பதெல்லாம் மெமரிக்குள் இழுக்கப்படும், நெருக்கடி கூடும்), கெஸ்ட்டை விஎம்டம்ப் (மெமரிப் பிரதி) எடுப்பது (ஸ்பூலைத் தின்னும், ஸ்பூல்தான் உங்கள் கடைசித் தாங்கல்), ஏற்கெனவே தவிக்கும் வால்யூமை ட்ரெயின் செய்வது.

ட்ரெயின் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது புது ஒதுக்கீட்டை நிறுத்தும்; ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பேஜைத் துரத்தாது. கெஸ்ட்கள் லாகாஃப் ஆக ஆகத்தான் எண்ணிக்கை இறங்கும். டிசிபிஐபி, டைரக்டரி மெயின்டனன்ஸ் போல மாதக்கணக்கில் ஓடும் சர்வீஸ் மெஷின்களின் சில நூறு பேஜ்கள் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். பூஜ்யம் வராமல் டிடாச் செய்ய முடியாது. ஸ்டோரேஜ் பெட்டி மாற்றும் திட்டம் இருந்தால் ட்ரெயினைப் பல வாரம் முன்பே தொடங்கி, கடைசித் துளியைத் திட்டமிட்ட ஐபிஎல்லில் முடிப்பதே நடைமுறை.

லேபிளும் பகிர்வும்

ஒரே வால்யூம் லேபிள் இரண்டு இடத்தில் இருப்பது மெதுவாகக் கொல்லும் விஷம். டிஆர் (பேரிடர் மீட்பு) பிரதி எடுத்த டிஸ்க்குகள் ஐபிஎல் நேரத்தில் கண்ணில் பட்டால் சிபி எதை எடுக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. பிரதிகளின் முகவரிகளை சிஸ்டம் கான்ஃபிக்கிலேயே ஐபிஎல்லின்போது ஆஃப்லைனாக இருக்கும்படி எழுதிவிடுங்கள். இன்னொன்று: பேஜ் வால்யூமை டிஆருக்குப் பிரதி எடுக்கத் தேவையே இல்லை. ஐபிஎல் ஆனதும் பழைய பேஜ்களுக்கு அர்த்தம் கிடையாது. அங்கே அதே லேபிளோடு வெறும் ஃபார்மட் செய்த வால்யூம்கள் போதும். ரெப்ளிகேஷன் சுமையும் பெருமளவு குறையும்.

6.2-இல் வந்த, பல இசட்/விஎம் சிஸ்டங்கள் ஒன்றாக இயங்கும் எஸ்எஸ்ஐ கிளஸ்டரில் ஸ்பூல் வால்யூம்களை எல்லா மெம்பரும் பார்க்கலாம். பேஜ் வால்யூம் அந்தந்த மெம்பருக்கே உரியது. உரிமையாளர் பெயர் வால்யூமிலேயே எழுதப்படும், சிபி அதைச் சரிபார்க்கும். கிளஸ்டர் இல்லாத தனி எல்பார்களில் இந்தக் காவல் அவ்வளவு இறுக்கம் இல்லை. இரண்டு எல்பார் ஒரே பேஜ் வால்யூமை எடுத்துக்கொண்டால் ஒன்றின் மெமரியை இன்னொன்று மேலெழுதும். முதலில் தெரிவது கெஸ்ட்களில் காரணம் புரியாத கெர்னல் பானிக்தான். கெஸ்ட்டை ஒரு மெம்பரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் திட்டம் இருந்தால், போகிற இடத்திலும் அந்தக் கெஸ்ட்டின் முழு மெமரிக்குப் பேஜ் ஸ்பேஸ் கணக்கில் இருக்க வேண்டும். நகர்த்தும் கட்டளையான விஎம்ரீலொகேட் அதைப் பார்க்கும். ஃபோர்ஸ் ஸ்டோரேஜ் கொடுத்து அந்தச் சோதனையைத் தாண்டுவது சொந்தப் பொறுப்பு.

வங்கி வேலை போன்ற இடங்களில் பேஜ் டிஸ்க்கில் கெஸ்ட் மெமரியின் துணுக்குகள் வெறும் உருவில் கிடப்பதை ஆடிட்டர் கேட்பார். 6.4-க்கு அப்டேட்டாக வந்த என்க்ரிப்டட் பேஜிங் இதற்குப் பதில்: "செட் என்க்ரிப்ட் பேஜிங் ஆன்". சாவி மெமரியில் மட்டுமே இருக்கும், ஐபிஎல்லோடு போய்விடும். சிபியு செலவு பேஜிங் வீதத்தைப் பொறுத்தது என்பதால், பேஜிங் அதிகமுள்ள சிஸ்டத்தில் முதலில் ஒரு மாதக் கடைசியை இதோடு ஓட்டி அளந்து பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள்.

அபெண்டோ திட்டமிட்டதோ, ஐபிஎல்லுக்குப் பிறகு, கெஸ்ட்களைத் தானாகத் தொடங்கும் ஆட்டோலாக்1 ஐடி எல்லாக் கெஸ்ட்டையும் ஒரே மூச்சில் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் புரொஃபைலில் எக்ஸ்ஆட்டோலாக் வரிகளுக்கு நடுவே "சிபி ஸ்லீப் 30 செக்" போட்டு, டேட்டாபேஸ் கெஸ்ட்களை முதலில், அப்ளிகேஷனை அடுத்து, டெஸ்ட்டைக் கடைசியில் வைத்தால் பேஜிங்கின் முதல் ஏற்றம் ஒரே முட்டாக வராமல் பரவி வரும்.